பதிப்புரிமைக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி? விண்ணப்பிக்கும் முன் செய்யவேண்டிய தேடல்கள்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கால் கிலோ காபித்தூள் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் நிறுத்தினார். பையின் முகப்பில் இரண்டு மலை, நடுவே எழும் சூரியன், கீழே ஆவி பறக்கும் டவரா டம்ளர், ஓரத்தில் ஒரு கொத்துக் காபிப் பழம். "தம்பி, தோட்டம் வாங்கும்போது முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். இந்தப் படத்துக்கும் ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் என் பெயரில் பதிந்துவிடலாம்" என்றார்.

நான் சேலத்தில் லேபிள் வரைந்து பிழைப்பவன், வக்கீல் அல்ல. ஜவ்வரிசி மூட்டை, தட்டுவடைப் பெட்டி, கொலுசு டப்பா என்று வரைந்து கொடுக்கும் இடத்திலேயே "இதைப் பதியவும் வழி சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட வேலை இது.

பெரியவர் சொன்ன உவமை பாதி தூரம்தான் வரும். நிலத்தில் பதியாத கிரயம் நிற்காது. அதனால் வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தால் ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம். பதிப்புரிமையோ 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைப்பு உருவாகும்போதே அதோடு சேர்ந்து பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. ஊரில் புழங்கும் படங்களிலும் பாட்டுகளிலும் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டையும் எட்டிப் பார்க்காதவை. ஆகவே தேடிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், யாரும் பதியவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். யாருக்கும் உரிமை இல்லை என்று ஆகிவிடாது.

அப்படியானால் எதற்குத் தேடவேண்டும்? விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சில விஷயங்களை உறுதியாகச் சொல்லப்போகிறோம். பதிவேட்டில் பொய்யான பதிவைச் செய்விப்பது 67ஆவது பிரிவின்படி குற்றம்; ஓராண்டு வரை சிறை உண்டு. நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு வரியும் உண்மையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தேடல்.

எந்த வாசலில் தேடுவது?

முதல் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. காப்புரிமை என்றும் பதிப்புரிமை என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. எழுத்து, படம், இசை, திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் இவற்றுக்குக் கிடைப்பது பதிப்புரிமை. இரண்டுக்கும் சட்டம் வேறு, பதிவேடும் வேறு.

அந்தக் காபிப் பையையே பிரித்துப் பாருங்கள். முகப்புப் படம் ஒரு கலைப் படைப்பு; அதற்குப் பதிப்புரிமை உண்டு. பின்பக்கம் அச்சடித்திருக்கும் தோட்டத்தின் கதை ஓர் எழுத்துப் படைப்பு, அதற்கும் உண்டு. பையின்மேல் இருக்கும் பெயருக்குக் கிடையாது. தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2015இல் ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் சொல்லிவிட்டது. வணிகப் பெயரைக் காக்க டிரேட் மார்க் எனப்படும் வணிகக் குறிப் பக்கம் போகவேண்டும். வறுக்கும் பக்குவமோ வெறும் யோசனை. அதை எழுதிய வாசகத்துக்கு உரிமை உண்டு, பக்குவத்துக்கு இல்லை. சேர்வராயன் மலையும் யாருடைய சொத்தும் அல்ல. லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளை யார் வேண்டுமானாலும் வரையலாம். அடுத்தவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தால்தான் வம்பு.

ஊர்ப் பெயரோடு பொருளின் பெயரைச் சேர்த்து அச்சடிப்பவர்கள் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். சேலம் ஜவ்வரிசி 2023இல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. சேலம் வெண்பட்டு அதற்கும் முன்பே பெற்றுவிட்டது.

தேடல் வீட்டிலிருந்து தொடங்குகிறது

கணினியைத் திறக்கும் முன் பதினான்காம் எண் படிவத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வரும் விவரப் பட்டியல்தான் உங்கள் வழிகாட்டி. படைத்தவர் யார், உயிரோடு இருக்கிறாரா, விண்ணப்பதாரருக்கு அதில் என்ன உரிமை, முதலில் எந்த ஆண்டு எந்த நாட்டில் வெளியானது, வெளியிட்டவர் யார் என்று அது கேட்கும். கூடுதல் விவரப் பட்டியல் இன்னும் கறாரானது: இது மூலப் படைப்பா, மொழிபெயர்ப்பா, தழுவலா, தழுவல் என்றால் மூலத்தின் உரிமை காலாவதியாகிவிட்டதா, இன்னும் இருக்கிறதா?

பெரியவரிடம் முதலில் கேட்டேன்: "அய்யா, இந்தப் படத்தை வரைந்தது யார்?"

"பேரனோடு கோயம்புத்தூரில் படித்த பையன். மூன்றாயிரம் ரூபாய் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டோம்."

"ஏதாவது எழுதி வாங்கினீர்களா?"

"காசுதான் கொடுத்தாகிவிட்டதே."

பெரும்பாலான விண்ணப்பங்கள் இடறும் கல் இதுதான். காசு கொடுத்தால் படத்தின் உரிமையும் வந்துவிட்டதாக நினைக்கிறோம். சட்டத்தின் 17ஆவது பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் ஊடாகப் படைத்தால் உரிமை முதலாளிக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்ற சிலவற்றில் பணம் கொடுத்தவருக்கு. வெளியாளிடம் கொடுத்து வரைந்த லேபிள் இந்த விலக்குகளுக்குள் வருமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுவது மலிவு. பத்திரத்தில் எந்தப் படம், எந்தெந்த உரிமை, எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று இருக்கவேண்டும், வரைந்தவர் கையெழுத்திடவேண்டும். காலத்தை எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். துபாய்க்குத் தூள் அனுப்புகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வரைந்தவர் வேறு, விண்ணப்பிப்பவர் வேறு என்றால் வரைந்தவரின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். ஆகவே ஆளைத் தேடிப் பிடிப்பதும் தேடலில் சேர்த்திதான்.

அடுத்து, படத்தின் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று வரைந்தவரிடமே கேளுங்கள். பையனைத் தொலைபேசியில் பிடித்தோம். மலையும் பழக்கொத்தும் அவனே வரைந்தவை. டம்ளர் பாட்டி வீட்டு டம்ளரைப் பார்த்து வரைந்தது. சூரியன்? கொஞ்சம் தயங்கினான். "அது மட்டும் ஓர் இலவசப் படத் தளத்திலிருந்து எடுத்தேன், அண்ணா." இலவசம் என்பது இறக்கிக்கொள்ளத்தான். அப்படிப்பட்ட தளங்கள் பல, தங்கள் படத்தை வணிகக் குறியாகப் பதியக்கூடாது என்று நிபந்தனைகளில் எழுதியிருக்கின்றன. யாரும் படிப்பதில்லை, நானும் ஒரு காலத்தில் படித்ததில்லை. அதோடு, அடுத்தவர் வரைந்த சூரியனைச் சேர்த்து "முழுவதும் மூலப் படைப்பு" என்று எழுதிக் கையெழுத்திட முடியாது.

இந்த இடத்தில் படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றிப் படவழித் தேடலும் செய்துவிடுங்கள். முழுப் படத்தை ஒரு முறை, ஒவ்வொரு உறுப்பையும் வெட்டித் தனித்தனியாக ஒரு முறை. சூரியனை மட்டும் வெட்டிப் போட்டபோது ஓர் அரிசிப் பையிலும் ஒரு பயண நிறுவன அட்டையிலும் அதே சூரியன், அதே பதினாறு கதிர்களோடு உதித்தது.

பதிவேட்டில் தேடுதல்

பதிப்புரிமை அலுவலகம் நாட்டுக்கே ஒன்றுதான். புதுதில்லியில் துவாரகாவில் இருக்கிறது. தேடலும் விண்ணப்பமும் இணையத்திலேயே முடியும். முகவரி காப்பிரைட் டாட் கவ் டாட் இன். கடைசியில் வரும் 'இன்' முக்கியம். அதை விட்டுவிட்டால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். அந்தத் தளமும் பளபளவென்றுதான் இருக்கும், தேடலும் வேலை செய்யும். அங்கே மணிக்கணக்காகத் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை, சார்" என்று வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பதிவேடு 6 பகுதிகளாக வைக்கப்படுகிறது. இலக்கியம், இசை, கலைப் படைப்பு, திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் என்று பிரிவு. பதிவு எண்ணைப் பார்த்தாலே வகை தெரியும்: கலைப் படைப்பு என்றால் ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கும், எழுத்துப் படைப்பு என்றால் 'எல்', திரைப்படம் என்றால் 'சிஎஃப்', ஒலிப்பதிவு என்றால் 'எஸ்ஆர்'. உங்கள் படைப்பு இரண்டு வகையில் விழக்கூடும் என்றால் இரண்டிலும் தேடுங்கள்.

தலைப்பைக் கொண்டு தேடும்போதுதான் தமிழனுக்குத் தனிச் சோதனை. தலைப்பு ஆங்கில எழுத்தில் கிடக்கும். எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படி. ஏற்காட்டை ஒய்-இ-ஆர்-சி-ஏ-யு-டி என்று எழுதுவது அரசு வழக்கம். 'சி'க்குப் பதில் 'கே' போடுவார் உண்டு, கடைசியில் 'யு' சேர்ப்பார் உண்டு. சேர்வராயன் என்பதை 'எஸ்'ஸில் தொடங்குவார்கள், வெள்ளைக்காரன் வழியில் 'ஷெவராய்' என்பார்கள், 'செர்வராயன்' என்றும் எழுதுவார்கள். கொலுசின் நடுவே வரும் 'லு'வுக்கு ஒருவர் 'யு' போடுவார், இன்னொருவர் இரட்டை 'ஓ'. ஒரு தாளில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். முழுத் தலைப்பைவிட அதன் ஒரு துண்டைப் போட்டுத் தேடுவது பலன் தரும்.

கிடைத்ததையும் கிடைக்காததையும் தேதியோடு குறித்து வையுங்கள். அதே தலைப்பு ஏற்கெனவே இருந்தால் பதற வேண்டாம். ஒரே தலைப்பில் பத்துப் படைப்புகள் இருக்கலாம். உங்கள் உள்ளடக்கமும் அதுவும் ஒன்றா என்பதே கேள்வி. பட்டியல் உள்ளடக்கத்தைக் காட்டாது. பதிவேட்டையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், கட்டணம் செலுத்திப் படிகளும் எடுக்கலாம் என்று 47ஆவது பிரிவு சொல்கிறது. சந்தேகம் வலுவாக இருக்கும்போது அந்த வழியில் போங்கள்.

பதிவேட்டில் வருபவை முடிந்துபோன பதிவுகள் மட்டுமே. இன்னும் வரிசையில் நிற்பவற்றை அறிய, அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் புதிய விண்ணப்பங்களின் பட்டியலைப் பாருங்கள். டைரி எண், தலைப்பு, விண்ணப்பதாரர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அலுப்பான வேலைதான், வெந்தயம் பொறுக்குவதுபோல். விண்ணப்பம் வந்து 30 நாளுக்குள் பிறர் ஆட்சேபணை சொல்லலாம் என்பதால், உங்கள் படத்தை வேறொருவர் பதிய முனைகிறாரா என்பதும் இங்கேதான் கண்ணில் படும்.

லேபிள் என்றால் வணிகக் குறித் தேடல் கட்டாயம்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் ஒரு தட்டுவடைப் பெட்டிப் படத்தைச் சாதாரணக் கலைப் படைப்பு என்று 500 ரூபாய் கட்டி அனுப்பினேன். சில மாதம் கழித்துக் குறைபாட்டுக் கடிதம் வந்தது: பொருளின்மேல் பயன்படும் படம், 2,000 ரூபாய்க் கட்டணம், அதோடு வணிகக் குறிப் பதிவாளரின் சான்று எங்கே? பெட்டி வைத்திருந்தவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு வேறு ஆளிடம் பெட்டி வரைந்துகொண்டார்.

45ஆவது பிரிவின் நிபந்தனை இது. பொருளுக்கோ சேவைக்கோ பயன்படும், அல்லது பயன்படக்கூடிய கலைப் படைப்பு என்றால், அதைப் போன்றோ அதோடு மயங்கும்படியோ இன்னொருவர் வணிகக் குறி பதியவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று வணிகக் குறிப் பதிவாளர் சான்று தரவேண்டும். அதற்கான படிவம் டிஎம்-சி. கட்டணம் பதிப்புரிமைக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. எனவே பணத்தைக் கட்டும் முன் இலவசமாக நீங்களே தேடிவிடுவது நல்லது.

வணிகக் குறித் தளத்தில் மூன்று விதமாகத் தேடலாம். முதலாவது சொல்வழி: பெயரையும் வகுப்பு எண்ணையும் கொடுக்கவேண்டும். காபி, ஜவ்வரிசி, தட்டுவடை எல்லாம் 30ஆம் வகுப்பு, வெள்ளி நகை 14, துணி 24, தைத்த உடை 25. இரண்டாவது ஒலிவழி. எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒன்றாகக் கேட்பவற்றை அது இழுத்து வரும். மேலே சொன்ன எழுத்துக்கூட்டல் தொல்லைக்கு இது பாதி மருந்து.

மூன்றாவது வியன்னா எண்வழி. லேபிளுக்கு இதுதான் உயிர். உலகத்தில் உள்ள உருவங்களை எல்லாம் எண்ணிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். 1 என்றால் வானத்துப் பொருள்கள், அதில் 1.3 சூரியன். 6 நிலக்காட்சி, அதில் 6.1 மலை. டம்ளர், கோப்பை எல்லாம் 11.3. காபிப் பைக்காக மலை எண்ணையும் சூரியன் எண்ணையும் 30ஆம் வகுப்பில் தனித்தனியே போட்டுப் பார்த்தோம். மலையும் சூரியனுமாகப் பக்கம் பக்கமாக வந்தன; தேயிலைக்காரர், மசாலாக்காரர், உப்புக்காரர் எல்லாருக்கும் விடிவது மலைக்கு நடுவில்தான் போலிருக்கிறது. அவற்றைத் திரையில் வைத்துக்கொண்டு, நம் பையை ஐந்தடி தள்ளி நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். கடையில் அவசரமாக வாங்குபவர் இரண்டையும் மாற்றி எடுத்துவிடுவாரா? அதுதான் அளவுகோல். நுணுக்கமாக ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடித்துத் திருப்திப்படுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இன்னொரு பொறி உண்டு. விண்ணப்பதாரர் அல்லாத எவர் பெயரிலும் அதுபோன்ற குறி இருக்கக்கூடாது என்பதுதான் சட்டத்தின் வாசகம். உங்கள் கூட்டு நிறுவனத்தின் பெயரில் வணிகக் குறி வாங்கிவிட்டு, பதிப்புரிமையை உங்கள் சொந்தப் பெயரில் கேட்டால், சட்டத்தின் கண்ணுக்கு நிறுவனம் ஒரு 'இன்னொருவர்'. உங்கள் குறியே உங்களுக்குக் குறுக்கே நிற்கும். இரண்டும் ஒரே பெயரில் இருக்கட்டும்.

கொலுசுக்காரர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வருகிறவர்கள் கொலுசின் வேலைப்பாட்டுக்குப் பதிப்புரிமை கேட்பார்கள். டப்பாவின் படத்துக்குக் கேட்டால் சரி. கொலுசின் வடிவம் டிசைன் சட்டத்தின்கீழ் வரும். அங்கே பதியக்கூடிய ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் வார்த்துவிட்டால், அதிலிருந்த பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. ஒரு திருவிழா ஆர்டரிலேயே 50 தாண்டிவிடும். டிசைன் பதிவுக்கோ வடிவம் புதிதாக இருக்கவேண்டும். கடையில் தொங்கவிட்ட பிறகு புதிது என்று சொல்ல முடியாது. எனவே விற்கும் முன்பே டிசைன் தேடல் செய்யுங்கள். நகைக்கான வகுப்பு 11-01.

பழைய எழுத்து, பாட்டு, படம் கலந்திருந்தால்

எழுத்து, இசை, கலைப் படைப்புகளுக்கு உரிமை, படைத்தவர் ஆயுள் முழுவதும், பிறகு 60 ஆண்டு. இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணவேண்டும். 1960இல் காலமானவரின் எழுத்து 2020 டிசம்பர் முடிய உரிமைக்குள் இருந்தது. தமிழில் நமக்கு இன்னொரு வசதி: அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள். பாரதியின் எழுத்துகள் 1949இல் அரசுக்கு வந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அப்படிப்பட்ட நூல்களைத் தேடிப் பார்க்கலாம். மூலம் பொதுவானதாக இருந்தாலும், அதற்கு இன்னொருவர் எழுதிய உரையும் மொழிபெயர்ப்பும் தனி உரிமை கொண்டவை.

ஏற்காடு சாலையில், பழைய சினிமா நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டிப் போகும் ஊர் இது. பழைய படக் காட்சியைப் பீங்கான் கோப்பையில் அச்சடித்து விற்க ஆசைப்படுபவர்கள் வருவார்கள். திரைப்படத்துக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுதான். ஆனால் படத்தின் காலம் முடிந்தாலும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் காலமாகி 60 ஆண்டு ஆகாவிட்டால் பாட்டின் உரிமை தொடரும். ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிடுங்கள்.

மலைக் கிராமத்துப் பாட்டுகளைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் எடுத்த ஒலிப்பதிவு உங்களுடையது. தலைமுறையாகப் பாடி வரும் பாட்டை உங்கள் படைப்பு என்று எழுதாதீர்கள்.

பிறகுதான் விண்ணப்பம்

தேடலின் குறிப்புகள், திரைப் பிடிப்புகள், உரிமை மாற்றுப் பத்திரம், தடையின்மைச் சான்று, வணிகக் குறிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் தனி விண்ணப்பம். கால் கிலோப் பைக்கும் அரைக் கிலோப் பைக்கும் படம் வேறு என்றால் இரண்டு. எழுத்து, இசை, கலைப் படைப்புக்கு 500 ரூபாய், பொருளின்மேல் பயன்படும் கலைப் படைப்புக்கு 2,000, ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. உரிமையில் பங்கு கோரக்கூடியவர் யாராவது தேடலில் தென்பட்டால் அவருக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். மறைத்தால் பின்னால் உயர் நீதிமன்றம் வழியாகப் பதிவையே நீக்கக் கேட்க முடியும்.

பெரியவரின் பேரன், நண்பனை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் பகோடா பாயிண்ட் போனான். அங்கே உட்கார்ந்து பையன் புதிய சூரியனை வரைந்தான்; மேகத்துக்குப் பின்னால் பாதி மறைந்தது, கதிரே இல்லாதது. பத்திரத்திலும் கையெழுத்திட்டுவிட்டான். வணிகக் குறிச் சான்றுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம். பழைய பைகள் இன்னும் நான்கு கட்டு மிச்சம் இருக்கின்றன. சூரியன் இருக்கும் இடத்தில் விலைச் சீட்டை ஒட்டி விற்றுக்கொண்டிருக்கிறார் பெரியவர்.